மச்சானுக்காகக் கூண்டில் ஏறிய தம்பி

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருசமாகவே தடுமாறிக்கொண்டிருந்தேன். பேனாவை எடுப்பேன், அடுப்பில் சோறு பொங்கும், வைத்துவிடுவேன். சோறு ஒரு சாக்குத்தான். இந்தக் கதையில் வருகிற ரெண்டு ஆம்பளைகளும் இன்னும் என் கையால்தான் சாப்பிடுகிறார்கள். ஒருத்தர் என் வீட்டுக்காரர். மற்றவன் என் கூடப்பிறந்த தம்பி. எழுதிவிட்டு அவங்க முகத்தைப் பார்த்து எப்படி ரசம் ஊற்றுவது? அதோடு இது மாரியாத்தா காப்பு சம்பந்தப்பட்ட விசயம். ஆத்தாவை வைத்துச் சிரிப்பு மூட்டுகிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் நின்று ஆத்தாவிடமே கேட்டேன். வலப்பக்கம் பூ விழுந்தது. காற்றடித்துத்தான் விழுந்தது என்கிறார் என் வீட்டுக்காரர். காற்றை அனுப்பினது யாராம்? அதனால் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சட்டம் படிக்கவில்லை. கோட்டு வாசலில் நின்று பட்டதும், கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் எனக்குத் தெரியும்.

முதலில் பெரட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் என் தம்பி முழு முட்டாள் என்று நினைத்துவிடுவீர்கள். அவன் முக்கால் முட்டாள்தான்.

தேயிலைத் தோட்டத்தில் விடிந்தால் பெரட்டு. வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் ஒரு இடத்தில் கூடி நிற்போம். கங்காணி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று குரல் கொடுத்தால் அன்றைக்கு அந்தப் பேருக்கு வேலை. என் வீட்டுக்காரர் பேர் பதிந்த ஆள். ஆனால் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது வழுக்கி விழுந்ததிலிருந்து அவருக்கு இடுப்பு வலி. அந்த வலிக்கு ஒரு குணம் உண்டு. பெரட்டு நேரத்தில் வரும், பகல் சாப்பாட்டு நேரத்தில் போகும். என் தம்பியோ பேர் பதியாதவன், அப்போது கல்யாணமும் ஆகவில்லை, எங்க வீட்டுக் காம்பராவிலேயே இருந்தான். அதனால் கங்காணி இவர் பேரைக் கூப்பிட்டால் அவன் "இருக்கேன்" என்பான். கங்காணிக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் சொல்லமாட்டார். மலையில் ஒரு ஆள் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இப்படியே ரெண்டு வருசம் ஓடியது. சில நேரம் வீட்டிலேயே நான் இவரைப் பேர் சொல்லாமல் "இங்க பாருங்க" என்றால்கூட அவன்தான் திரும்பிப் பார்ப்பான்.

அந்தச் சமயம்தான் காஸ் சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்றது. எங்க லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் மறுபடி விறகடுப்புக்குத் திரும்பினோம். தேயிலை மலைக்கு மேலே அரசாங்கக் காடு. அதற்குள் போகக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் போனார்கள். பிடிபட்டவர் என் வீட்டுக்காரர்.

மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். இவர் ஓடவில்லை. வெட்டின கிளை மேலேயே உட்கார்ந்திருந்தார். வன அதிகாரி வந்து, "இது யாரோட மரம் தெரியுமா?" என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார்.

"கடவுளோடதுங்க மாத்தயா."

"கடவுளோடது இல்ல. அரசாங்கத்தோடது."

"கடவுள் கேஸ் போடமாட்டாருங்களே" என்றாராம் இவர். அரசாங்கம் போட்டது. பொலிஸில் பிணை கொடுத்து, இன்ன தேதிக்குக் கோட்டுக்கு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தத் தேதிக்குத் தவணை என்று பேர்.

தவணை வந்து விழுந்தது எங்க அம்மன் திருவிழாவுக்குள். இவர் அந்த வருசம் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டு, கையில் மஞ்சள் காப்புக் கட்டியிருந்தார். காப்புக் கட்டினவர் கவிச்சி தொடமாட்டார், செருப்புப் போடமாட்டார். அது எல்லாருக்கும் தெரியும். இவர் அதற்கு மேலே ஒரு படி போய், "காப்போட எல்லை தாண்டக் கூடாது" என்றார். எல்லை என்றால் ஆற்றுப் பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்க ஆத்தா. அந்தப் பக்கம்தான் கோட்டுக்குப் போகிற தலவாக்கலை பஸ்.

நான் மாவிளக்குக்கு மா இடித்துக்கொண்டிருந்தேன். ரெண்டு பேரும் வாசலில் குசுகுசு என்று பேசினார்கள். உலக்கைச் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. அன்றைக்குப் பேசினது இதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"இப்ப என்ன மாப்ள செய்யிறது? போகாட்டி வாரண்டு வருமாம்."

"எதுக்கு மச்சான் மண்டையப் போட்டு ஒடைக்கிறீங்க? கோட்டுலயும் பேரத்தானே கூப்பிடுவாங்க?"

"ஆமா."

"நான் போயி 'இருக்கேன்'னு சொல்லிட்டு, குத்தத்தை ஒத்துக்கிட்டு, தெண்டத்தக் கட்டிட்டு வந்துர்றேன். பகல் சோத்துக்கு வந்துருவேன்."

"ஒங்கக்காகிட்ட?"

"அக்காகிட்ட டவுனுக்குச் சாமான் வாங்கப் போறேன்னு சொல்றேன். வாங்கிட்டும் வந்துர்றேன். அப்ப அது பொய்யில்லையே."

என் தம்பியின் சத்திய சிந்தனை அந்த அளவில் இருந்தது. மறுநாள் காலையில் மச்சானுடைய வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். இவர் தொப்பையும் தொந்தியுமான ஆள். தம்பி விளக்குமாற்றுக் குச்சி. சட்டைக்குள் இன்னொருத்தர் ஏறிக்கொள்ள இடம் இருந்தது. ஏன்டா இப்படி என்று கேட்டேன். "காத்தோட்டமா இருக்குக்கா" என்றான்.

கோட்டில் நடந்ததை அவன் வாயாலேயே பிறகு பல தடவை கேட்டேன். நம்மாளுங்களுக்குக் கோட்டு எப்படி என்று தெரியாததால் விவரமாகவே சொல்கிறேன். மேலே நீதவான் உட்கார்ந்திருப்பார். அந்தக் கோட்டில் ஒரு அம்மா. பேச்செல்லாம் சிங்களத்தில் நடக்கும். நமக்குப் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பவர் ஒருத்தர் நின்று தமிழில் சொல்லுவார். பேரைக் கூப்பிட்டால் கூண்டில் ஏற வேண்டும். குற்றத்தை வாசிப்பார்கள். ஒத்துக்கொண்டால் அன்றைக்கே தண்டனை சொல்லி முடிப்பார்கள். இல்லை என்றால் விசாரணைக்கு வேறு தேதி.

என் வீட்டுக்காரர் பேரைக் கூப்பிட்டார்கள். என் தம்பி, பெரட்டுக்களத்தில் மலை எதிரொலிக்கக் கத்துகிற மாதிரி, "இருக்கேன்!" என்றான். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டதாம்.

குற்றத்தை வாசித்தார்கள். "ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கிறேன் ஐயா."

அதோடு முடிந்திருக்கும். ஆனால் வன அதிகாரியும் அங்கே வந்திருந்தார். அவர் எழுந்து ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பவர் தம்பி பக்கம் திரும்பினார்.

"நீ அந்த ஆள் இல்லைன்னு அதிகாரி சொல்றாரு. காட்டுல பிடிச்ச ஆள் நல்ல குண்டாம்."

அப்போதாவது இவன் வாயை மூடியிருக்கலாம். "மெலிஞ்சுட்டேன் ஐயா. வெரதம்" என்றான்.

"பெரிய மீசை இருந்துச்சாம்."

"அதுவும் நேர்த்திக்கடனுக்கு எடுத்துட்டேன் ஐயா."

கோட்டில் சிரிப்பு. நீதவான் அம்மா சிரிக்கவில்லை. அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார். மச்சான் சட்டையை மறக்காமல் போட்டுக்கொண்டு போனவன், மச்சானுடைய அட்டையைக் கொண்டுபோக மறந்திருந்தான். பைக்குள் இருந்தது அவனுடைய சொந்த அட்டை. எடுத்து நீட்டினான்.

பின்னேரம் பொலிஸிலிருந்து போன் வந்தது. "ஒங்க மல்லி ரிமாண்ட்" என்றார்கள். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. ரிமாண்ட் என்றால் தண்டனை இல்லை. அடுத்த தவணை வரைக்கும் சிறைச்சாலையில் வைத்திருப்பது. ஆனால் அது எனக்கு அப்போது தெரியாது. கம்பிக்குள் போட்டுவிட்டார்கள் என்று மட்டும்தான் புரிந்தது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, நான் இடுப்பில் வைத்து வளர்த்தவன். இடித்த மாவை அப்படியே விட்டுவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். அப்போதுதான் இவர் தலையைக் குனிந்துகொண்டு முழுக் கதையையும் சொன்னார்.

"அவனக் கம்பி எண்ண வச்சிட்டு நீங்க தீச்சட்டி எடுப்பீங்களா?"

"போயி நான்தான்னு சொல்லிட்டு வர்றேன். ஆனா காப்பு..."

"வாங்க பூசாரிகிட்ட" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். காப்புக் கட்டின கையைத்தான். ஆத்தா மன்னிக்க வேண்டும்.

கோயில் வாசலில் பூசாரி எலுமிச்சம்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொல்லி, காப்போடு எல்லை தாண்டினால் என்ன பரிகாரம் என்று கேட்டேன். அவர் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தாண்டக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

"அப்படித்தானுங்களே வழக்கம்?" என்றார் இவர்.

"ராத்தங்கக் கூடாதுப்பா. பொழுது சாயறதுக்குள்ள திரும்பி வந்து எல்லைக்குள்ள படுத்தாப் போதும். நானுந்தான் காப்புக் கட்டியிருக்கேன். இந்த எலுமிச்சம்பழத்த எங்க வாங்குனேன்னு நெனைக்கிற? இன்னைக்குக் காலையில தலவாக்கலையிலதான்."

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பார்வையை எழுதுவதற்கு என் எட்டாம் வகுப்புத் தமிழ் போதாது.

"மொதல்லயே ஒரு வார்த்தை கேட்டிருந்தா?" என்றார் பூசாரி.

"சாமி விசயத்துல கேள்வி கேக்கக் கூடாதுன்னு..." என்று இழுத்தார் இவர்.

மறுநாள் டவுனில் ஒரு சட்டத்தரணியைப் பார்த்தோம். நல்ல மனுசன், தமிழர். முழுக்கக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"வெறகு சின்ன விசயம்மா. தெண்டத்தோட போயிருக்கும். இப்ப இது ஆள்மாறாட்டம். கோட்டையே ஏமாத்துனதா ஆகுது. வருசக்கணக்குல உள்ள போட எடம் இருக்கு."

அவர் சொன்ன வழி ஒன்றுதான். தவணை வரைக்கும் காத்திருக்காமல், வழக்கைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லி மனுப் போடுவது. அதே நாளில் என் வீட்டுக்காரர் தானாகவே கோட்டில் முன்னிற்பது. "ஆனா ஒன்னு" என்றார் அவர் இவரைப் பார்த்து, "ஒங்களையும் உள்ள வைக்கலாம். வைக்க மாட்டாங்கன்னு நான் வாக்குத் தர முடியாது."

உள்ளே வைத்தால் அன்றைக்கு ராத்திரி எல்லைக்கு வெளியேதான். காப்பு முறிந்துபோகும். என் வீட்டுக்காரரை நான் இவ்வளவு கேலி செய்கிறேன், ஆனால் அவர் பக்தி பொய்யில்லை. நேர்த்திக்கடன் அவருக்கு உயிர் மாதிரி. கோட்டுக்குப் போகிற அன்று விடியக் காலையில் கோயில் வாசலில் நின்று வாய்விட்டே சொன்னார். "போறேன் தாயி. திரும்பி வந்தா சட்டி எடுக்கிறேன். வராட்டி, நீயே அங்க வந்து என்னப் பாத்துக்க." அதைக் கேட்டபோது எனக்கிருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. மீதியைப் பஸ்ஸுக்குள் வைத்துக்கொண்டேன்.

கோட்டில் இவர் மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாக நின்றார். சிறைச்சாலை பஸ்ஸில் தம்பியைக் கொண்டுவந்து ஒரு ஓரத்துக் கம்பித் தடுப்புக்குள் நிறுத்தினார்கள். இன்னும் அதே சட்டை. என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். பெரிய பிரயாணம் போய் வந்தவன் மாதிரி.

வழக்கை எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் பேரைக் கூப்பிட்டார்கள்.

"இருக்கேன்" என்றார் இவர்.

"இருக்கேன்!" என்றான் தம்பி, கம்பிக்குள்ளிருந்து.

ரெண்டு குரலும் ஒரே நேரத்தில் எழுந்தன. சட்டத்தரணி கையால் நெற்றியை மூடிக்கொண்டார். இதோடு முடிந்தது, இனி இவனை ஆண்டவனாலும் மீட்க முடியாது என்று நினைத்தேன். பொலிஸ்காரர் தம்பி தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு, "மன்னிக்கணும் ஐயா, பழக்கதோசம்" என்றான்.

நீதவான் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். என்ன பழக்கம் என்று கேட்டார். சட்டத்தரணி எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தார். "நீங்க இருங்க, அவரே சொல்லட்டும்" என்றார் அம்மா. தம்பி சொன்னான். பெரட்டு, கங்காணி, மச்சானின் இடுப்பு வலி, ரெண்டு வருசம், எதையும் விடவில்லை. "தோட்டத்துல அவரு பேரக் கூப்பிட்டா நான்தானுங்க. இங்கயும் அப்படித்தான்னு நெனச்சேன். பேருக்கு ஒரு ஆள் வந்தாச் சரிதானேன்னு." மொழிபெயர்ப்பவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சிங்களத்தில் சொன்னார். எங்க கங்காணிக்கு அந்த நேரம் எவ்வளவு விக்கல் எடுத்திருக்குமோ தெரியாது.

பிறகு அம்மா என் வீட்டுக்காரரைப் பார்த்து, நீ ஏன் வரவில்லை என்று கேட்டார். முதலில் உண்மையே சொல்லுவேன் என்று உறுதி வாங்கினார்கள். இந்துக்கள் புத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. வாயால் உறுதி சொன்னால் போதும். இவர் பயத்தில் வாய்க்குப் பதிலாகக் கையை உயர்த்திக் காப்பைக் காட்டினார். காட்டின கை அப்படியே இன்னொரு கையோடு சேர்ந்து தலைக்கு மேலே போய்விட்டது. கோயிலில் கும்பிடுகிற மாதிரியே நீதவான் அம்மாவைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். கோட்டில் சிரித்தவர்களை அம்மா ஒரு பார்வையால் அடக்கினார்.

அவர் கையிலும் நூல் இருந்தது. புத்தர் கோயிலான பன்சலையில் பிரித் மந்திரம் ஓதிக் கட்டுகிற வெள்ளை நூல். எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. அவர் மெதுவாகத்தான் பேசினார். மொழிபெயர்ப்பவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கையில நூலக் கட்டிக்கிட்டு, பாலத்தத் தாண்டக் கூடாதுன்னு பயந்தீங்க. சரி. இந்தப் பையனப் பொய் சொல்ல அனுப்பும்போது அந்த நூல் ஞாபகத்துக்கு வரலியா?"

இவருடைய கைகள் தலையிலிருந்து இறங்கின. கண்ணீர் விட்டார். பிறகு, "அவன விட்டுருங்கம்மா. போகச் சொன்னது நான். என்ன வச்சுக்குங்க" என்றார். காப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பொழுது சாய்வதற்குள் போக வேண்டும் என்று கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். கேட்கவே இல்லை.

வன அதிகாரியிடம் ஏதோ கேட்டார்கள். அவர் எழுந்து, இந்தக் குண்டு ஆள்தான் காட்டில் பிடிபட்டவர் என்றும், ஓடாமல் உட்கார்ந்திருந்தார் என்றும் சொன்னார். அதை நல்லவிதமாகத்தான் சொன்னார்.

தீர்ப்பு இது. விறகுக்குத் தெண்டம். ஆள்மாறாட்டத்தை ரெண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். சிறையில் போடாமல், சமுதாய வேலை செய்ய உத்தரவு. அப்படி ஒரு தண்டனை இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். சொன்ன காலம் முழுக்க, சொன்ன இடத்தில், சம்பளமில்லாமல் பொது வேலை செய்ய வேண்டும். தவறினால் மறுபடி கோட்டு, அப்போது சிறைதான். இடம் எது? வன இலாகா நாற்றுமேடை. மேற்பார்வை யார்? அதே அதிகாரி. வெட்டின கையாலேயே நடட்டும் என்று விட்டார்கள். எழும்பிப் போகுமுன் அம்மா தம்பியைக் கூப்பிட்டு, "இந்தத் தடவ அறியாம செஞ்சேன்னு விடுறேன். இன்னொரு தடவ வேற யாரு பேருக்காவது குரல் குடுத்தா, வருசக்கணக்குல உள்ளதான்" என்றார். அவன் பேசாமல் தலையாட்டினான். என் தம்பி பேசாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன்.

கடுதாசி வேலை முடிந்து அவனை வெளியே விட்டபோது வெயில் இறங்கிவிட்டது. பஸ்ஸுக்குக் காத்திருந்தால் ஆகாது என்று ஓட்டோ பிடித்தோம். பனிமூட்டத்தில் வளைவுக்கு வளைவு நான் ஆத்தாவைக் கூப்பிட்டேன். பாலத்தைத் தாண்டும்போது மேற்கில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. இவர் இறங்கித் தரையைத் தொட்டுக் கும்பிட்டார். தம்பியும் பக்கத்தில் விழுந்து கும்பிட்டான். இவர் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டார். சட்டி எடுக்கிற அன்று தம்பிதான் முன்னால் வேப்பிலை பிடித்துப் போனான்.

முதல் நாள் நாற்றுமேடை வேலைக்கு நானும் சோறு கட்டிக்கொண்டு கூடப் போனேன். நம்பிக்கை இல்லாமல்தான். அதிகாரி என் வீட்டுக்காரர் பேரைக் கூப்பிட்டார். சத்தமே இல்லை. தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு மேகத்தைப் பார்த்தான். இவர் தம்பியைப் பார்த்தார். அதிகாரி மறுபடி கூப்பிட்டார். நான் பின்னாலிருந்து ஒரு இடி இடித்தேன். "நான்தானுங்க மாத்தயா, நானேதான்" என்று அடையாள அட்டையை ரெண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். அன்றையிலிருந்து பெரட்டுக்கும் இவரேதான் போகிறார். இடுப்பு வலியும் எங்கேயோ போய்விட்டது. தம்பிக்குப் பிறகு சொந்தப் பேர் பதிந்தது. கல்யாணமும் ஆனது.

இவ்வளவுதான் நடந்தது. ஆனால் இந்தக் கதை எங்க லயத்தை விட்டுக் கிளம்பி மற்றத் தோட்டங்களுக்குப் போனபோது கால் முளைத்துக்கொண்டது. நீதவான் அம்மாவுக்கு அருள் வந்து ஆடினாராம். தம்பி இருந்த சிறைச்சாலைக் கதவு தானாகத் திறந்ததாம். இதையெல்லாம் சிரித்துக்கொண்டு விட்டுவிடலாம். ஆனால் போன மாசம் தோட்டத்து மேல்பிரிவிலிருந்து ஒரு அம்மா வந்து, தன் மகனுக்குக் கோட்டுத் தவணை இருக்கிறது, அவன் கொழும்பில் வேலை, மருமகனை அனுப்பலாம் என்றிருக்கிறோம், "ஒங்க தம்பிய ஆத்தா காப்பாத்துனாளே, எங்களக் காப்பாத்த மாட்டாளா?" என்று கேட்டார். எனக்குப் பகீரென்றது. உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்து, முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னேன். கடைசியில் மகனேதான் கொழும்பிலிருந்து வந்து கோட்டுக்குப் போனான்.

ஆகையால் இதை வாசிக்கிறவங்ககிட்ட ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாருக்காவது சொல்வதாக இருந்தால், தாராளமாகச் சொல்லுங்கள். ஒன்றையும் கூட்டாதீங்க, ஒன்றையும் குறைக்காதீங்க. ஆத்தா செய்ததை ஆத்தா பேரிலும், எங்க வீட்டு ஆம்பளைகள் செய்ததை அவங்க அவங்க பேரிலும் வைத்தே சொல்லுங்கள்.